கோல் காத்தவனுக்குச் சொன்ன பங்கு

எங்கள் கரையில் ஒருவனுடைய பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டால், அவன் ஏதோ பிழை விட்டிருக்கிறான் என்று அர்த்தம். கரைவலை இழுக்கிறபோது ஊரில் பாதிப்பேர் கயிற்றில் நிற்போம். ஒழுங்காக இழுக்கிறவன் பேரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். எவன் கயிற்றில் கையை மட்டும் வைத்துக்கொண்டு இழுப்பதுபோல நடிக்கிறானோ, அவன் பேரைத்தான் யாகப்பு சம்மாட்டி மணலில் நின்று கத்துவார். வலை அவருடையது, தோணி அவருடையது, கத்துகிற உரிமையும் அவருடையது. என் பேரை அவர் செபமாலை மணி உருட்டுகிறமாதிரி உருட்டுவார். அது வேறு கதை, விடுங்கள்.

வலையின் மடி கரையேறி, வியாபாரிக்குப் போனது போக மிச்ச மீனுக்குச் சம்மாட்டி பங்கு சொல்லுவார். முழுப்பங்கு, அரைப்பங்கு, வெறுங்கை. இந்த மூன்றுதான். குறைந்த பங்கு வாங்கினவன் தான் வாயைத் திறக்கக்கூடாது. அவன் வீட்டாள் ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் வந்து ‘சரி’ என்று சொல்லவேண்டும். முன்னொரு காலத்தில் ஒருவன் பங்கு காணாதென்று கத்தியை எடுத்து, இன்னொருவன் குடலை மணலில் கொட்டவைத்தபிறகு வந்த வழக்கம் இது. வீட்டாள் ‘சரி’ சொன்னால் முடிந்தது. பிறகு கடவுளே இறங்கி வந்து சொன்னாலும் பங்கை மாற்றுவதில்லை.

இந்தப் பழக்கம் எங்களுக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு வந்தாலும் பங்குதான் சொல்லுவோம். முல்லைத்தீவில் ஆட்டம் நடந்தால் திரும்பி வருகிற வழியெல்லாம், ‘முன்னுக்கு நிண்டவனுக்கு அரைப்பங்கு, கோல் காத்தவனுக்கு வெறுங்கை’ என்று ஒரே சண்டை. ஞானப்பிரகாசம் விளையாடின நாட்களில் மட்டும் சண்டை இருக்காது. அவன் கோல் காத்தால் முழுப்பங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஞானப்பிரகாசம் அற்புதத்தின் ஒரே மகன். தகப்பன் சம்மாட்டியின் தோணியில் வலை வளைக்கப் போய்க் கடலோடு போனவர். செத்தவீட்டில் சம்மாட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு, “இனி இவன் என்ர பிள்ளை” என்று ஊரறியச் சொன்னார். சொன்னவர் மறந்துபோனார். ஊர் மறக்கவில்லை. அற்புதம் மறக்கவே இல்லை. சம்மாட்டியின் மீன்வாடியில் கருவாடு காயவைத்து மகனை வளர்த்தாள். பையன் மணலில் விழுந்து விழுந்து பந்து பிடித்துப் பழகி, கொழும்புத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய், அங்கே ஒரு கழகத்துக்குக் கோல் காத்து, கடைசியில் இலங்கை அணிக்கே தெரிவாகிவிட்டான். பர்மாக்காரரோடு ஆட்டம்.

செய்தி வந்ததும் அற்புதம் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு சம்மாட்டி வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். இப்படியான கூத்துக்கு எங்களுக்கு அழைப்பு வேண்டியதில்லை.

“சம்மாட்டியார், அண்டைக்கு என்ர பிள்ளை எண்டு சொன்னனீங்கள். இப்ப அவன் நாட்டுக்கு விளையாடப் போறான். உங்கட மகள் இராசாத்தியை அவனுக்குக் கட்டித் தாங்கோ.”

சம்மாட்டி திகைத்துப்போனார். இல்லையென்று சொன்னால் ஊர் காறித் துப்பும். ஓமென்றால் கருவாட்டுக்காரி சம்பந்தி. மனிதர் யோசித்துவிட்டுச் சொன்னார். “நாட்டுக்கு விளையாடி முழுப்பங்கு எடுக்கட்டும். கரையில வைச்சுச் சொல்லுவம். எடுத்தால் கட்டித் தாறன்.”

அவர் சூழ்ச்சி செய்தார் என்று பின்னால் பலபேர் கதைத்தார்கள். நான் நம்பமாட்டேன். அடுத்த கிழமையே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தார். இலங்கைக்கு விளையாடுகிற மருமகன் என்ற நினைப்பு கள்ளு மாதிரி மெல்ல மெல்ல அவருக்கு ஏறியிருந்தது. ஞானப்பிரகாசமும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான், உயிரைக் கொடுத்தாவது பிடிப்பேன் என்று. திருநாளில் கோவில் வாசலில் இராசாத்தியைத் தூரத்தில் பார்த்ததுதான் அவனுக்குத் தெரிந்த இராசாத்தி. அவளோடு ஒரு வார்த்தை கதைத்தவன் இல்லை. ஆனாலும் அவளுக்காகத்தான் விளையாடப் போனான், பாவம்.

இராசாத்தியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. அவள் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளோடு விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கேயே படிப்பிக்கப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்மாட்டி, “பிறகு பாப்பம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சுவாமியாருக்குத் தெரியும், ஆனால் அவர் முல்லைத்தீவில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் வருவார்.

ஆட்டம் கொழும்பில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். சம்மாட்டி வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, அதில் றேடியோவை வைத்து, லொறிப் பற்றரியில் வயரைக் கொழுவினார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியில் இராசாத்தி. அவளுக்கு நேர் எதிரே மணலில் அற்புதம். அன்றைக்கு அற்புதத்துக்குத்தான் முதலிடம். சம்மாட்டியின் பெண்சாதியே கையைப் பிடித்துக்கொண்டு வந்து இருத்தினாள்.

றேடியோக்காரன் இங்கிலீசில் வாய் ஓயாமல் கத்தினான். இராசாத்தி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். “பந்து எங்கட பக்கம் வருது. வெளியில போயிட்டுது. இப்ப நடுவில.” அவள் குரலில் ஒரு உணர்ச்சியும் இல்லை. படிப்பிக்கப் போகிறவள் அப்படித்தான் வாசிப்பாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்போது அந்த இங்கிலீசுக்குள் எங்கள் ஞானப்பிரகாசத்தின் பேர் கேட்டது. வாய்க்குள் மாட்டுப்பட்டு உருமாறித்தான் வந்தது. ஆனாலும் பிடித்துவிட்டோம். முற்றம் முழுக்கக் கூச்சல். அற்புதம் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொருதரம் கேட்டது. திரும்பவும் கூச்சல், கொஞ்சம் குறைவாக. மூன்றாந்தரம் றேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலாந்தரம் முற்றம் அடங்கிப்போயிற்று.

இராசாத்தி வாயைத் திறக்குமுன்னமே பேதுருப்பிள்ளை எழும்பினான். கயிற்றில் முன்னுக்கு நிற்கிற ஆள், வாயிலும் முன்னுக்குத்தான். “என்னடா இது? இவன்ர பேரையே கூப்பிடுறான். பிள்ளை, என்ன பிழை விட்டிட்டான்?”

“ஓம், என்ன பிழை?” என்று நாங்களும் கேட்டோம்.

இராசாத்தி எங்களைப் பார்த்தாள். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு மெதுவாக. நான் பக்கத்தில் இருந்தவன், நன்றாகப் பார்த்தேன். கதவு பூட்டிக்கிடக்கிறதென்று இருந்தவள், அது சும்மா சாத்தித்தான் கிடக்கிறது என்று கண்டமாதிரி இருந்தது அவள் முகம். அந்தக் கதவைக் காட்டிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவளுக்குப் பொய் சொல்லும் எண்ணம் முதலிலேயே இருந்திருந்தால் முதல்தரமே சொல்லியிருப்பாள்.

“பந்தைக் கையில எடுத்திட்டு விட்டிட்டார்,” என்றாள். “கம்பத்தில பட்டபடியால் தப்பிச்சம்.”

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. பேர் கேட்கிற நேரமெல்லாம் நாங்கள் “ஐயோ” என்போம். அவள் பிழையைச் சொல்லுவாள். வழுக்கி விழுந்தார். பந்து வாற பக்கம் விட்டு மற்றப் பக்கம் பாய்ந்தார். நல்லகாலம், பின்னுக்கு நின்றவர் உதைத்து வெளியில் போட்டார். றேடியோவில் சனம் ஆர்ப்பரிக்கிறது எங்களுக்கும் கேட்டது. “சனம் ஏசுது” என்றாள். நம்பினோம். கரையில் எங்கள் சத்தமும் அப்படித்தானே இருக்கும்.

இடைவேளையில் அவள் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அற்புதம் முழந்தாளில் நகர்ந்து கிட்டப் போனாள்.

“பிள்ளை, என்ர பொடியன் ஒருக்காலாவது நல்லாப் பிடிச்சவனோ?”

இராசாத்தி செம்பைக் கீழே வைத்தாள். “ஒருக்கால் பிடிச்சவர், மாமி.”

மாமி என்று கூப்பிட்டதைக் கேட்டு அற்புதம் குளிர்ந்துபோனாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாம் பாதி முழுவதும் இருந்தாள்.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். பர்மாக்காரர் இரண்டு போட்டார்கள். இரண்டும் ஞானப்பிரகாசத்தின் பிழை என்றாள் இராசாத்தி. கடைசியில் ஒரு தண்ட உதை. றேடியோவே வெடிக்கிறமாதிரி ஒரு சத்தம். றேடியோக்காரன் ஞானப்பிரகாசத்தின் பேரைத் திருப்பித் திருப்பிக் கத்தினான். “பர்மாக்காரன் வெளியில அடிச்சிட்டான்” என்றாள். “பிறகேன் இவன்ர பேரைக் கூப்பிடுறான்?” என்று பேதுருப்பிள்ளை கேட்டான். “இவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லையாம்.” நாங்கள் சிரித்தோம். தோற்ற கோபத்தில் வருகிற சிரிப்பு அது, மிகக் கெட்டது.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கரைக்குப் போனோம். சம்மாட்டி வழக்கமான இடத்தில் நின்றார். ஒவ்வொருவனாகப் பங்கு சொன்னார். கோல் போட்டவனுக்கு முழுப்பங்கு. இடப்பக்கம் பின்னுக்கு நிற்பவன் என்று முன்னமே கேள்விப்பட்டிருந்த ஒரு கொழும்புப் பறங்கியின் பேர் முழு ஆட்டத்திலும் கேட்கவே இல்லை. அவனுக்கும் ஏகமனதாக முழுப்பங்கு. “உவன்தான் தொழில்காரன்” என்றான் பேதுருப்பிள்ளை. தலையாட்டினோம்.

ஞானப்பிரகாசத்தின் முறை வந்தது. சம்மாட்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவரால் வெறுங்கை சொல்ல முடியவில்லை, அது எனக்குத் தெரிந்தது. கட்டித் தருகிறேன் என்று சொன்ன வாய், சுண்ணாம்பு அடித்த வீடு. ஆனால் அத்தனை கண்ணும் அவரில். அரைப்பங்கு சொன்னால் மருமகன் பக்கம் சாய்கிறார் என்பார்கள்.

“வெறுங்கை,” என்றார்.

இனி வீட்டாள் ‘சரி’ சொல்லவேண்டும். அற்புதம் நல்ல சேலையில் மணல் ஒட்ட எழும்பி வந்தாள். “ஒருக்கால் பிடிச்சவனாம். இராசாத்திப் பிள்ளைதான் சொன்னது. அரைப்பங்காவது சொல்லுங்கோ, சம்மாட்டியார்.”

“ஒருக்கால் பிடிச்சதுக்கு ஒரு நெத்தலி குடுங்கோ!” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். கரை முழுக்கச் சிரிப்பு. அற்புதம் சுற்றிப் பார்த்தாள். அவள் கருவாட்டைத் தின்று வளர்ந்த முகங்கள்தான் எல்லாம். ஒன்றாவது வெட்கப்பட்டுத் திரும்பவேண்டுமே! இராசாத்தி மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி,” என்றாள் அற்புதம்.

அதோடு விட்டோமா? இல்லை. அடுத்தடுத்த நாள் அவள் கிணற்றடிக்கு வந்தால், “வெறுங்கை வருது, வழி விடுங்கோ” என்பார்கள். கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தால், “கையிலிருந்து வழுக்கிப் போகும், கவனம்” என்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பாள். குனியக் குனிய எங்களுக்கு இன்னும் ருசித்தது. இராசாத்திக்கு முல்லைத்தீவுக் கடைக்காரன் ஒருவனைப் பேசுகிறார்கள் என்று கதை வந்தது.

அந்த நிலையில்தான் தவராசாவின் லொறி வந்தது. தவராசா புதுக்குடியிருப்பு ஆள், கருவாட்டு மூட்டை கொழும்புக்கு ஏற்றுகிறவன். காலையில், நாங்கள் வலை உலர்த்திக்கொண்டு நின்ற நேரம். லொறியின் முன் இருக்கையிலிருந்து ஞானப்பிரகாசம் இறங்கினான். வெள்ளைச் சேர்ட், மடிப்புக் குலையாத காற்சட்டை, இடது கைவிரல் இரண்டில் கட்டு. வலது கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். எங்களைப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

தவராசா மற்றப் பக்கத்தால் குதித்தான். “என்ன, செத்தவீடு மாதிரி நிக்கிறியள்? மாலை எங்க? மேளம் எங்க? உங்கட பொடியன் செய்த வேலை தெரியாதோ? நான் கண்ணால பாத்தனான். பர்மாக்காரர் மழை மாதிரி அடிச்சாங்கள். இவன் இல்லாட்டில் பத்து வாங்கியிருப்பம். விரல் முறிஞ்சும் வெளியில போகேல்லை, அந்தக் கையாலயே பெனல்டியைப் பிடிச்சான். ரெண்டு பக்கத்திலயும் ஆகத் திறமான ஆள் எண்டு கப்பும் இவனுக்குத்தான். பர்மாக் கப்டினே வந்து தூக்கினவன்!”

“அப்ப அந்தப் பறங்கி?” என்று பேதுருப்பிள்ளை மெல்லக் கேட்டான்.

“எந்தப் பறங்கி? இடப்பக்கம் நிண்டவனோ? அவன் கால் சுளுக்கி முழு ஆட்டமும் ஓரத்தில சும்மா நிண்டவன்.”

சத்தம் கேட்டுச் சம்மாட்டி வந்தார், பின்னால் இராசாத்தி. தவராசா எல்லாவற்றையும் இன்னொருமுறை, இன்னும் பலமாகச் சொன்னான். சம்மாட்டி மகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அந்த ஒரு பார்வையில் மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. மகளை அந்த இடத்திலேயே அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஞானப்பிரகாசம் தப்பியிருப்பான். ஆனால் அடித்தால் சம்மாட்டி வீட்டில் பொய் என்று ஊர் சொல்லும், அவர் சொன்ன பங்கு பிழை என்று சொல்லும். நாளைக்குக் கயிற்றில் நிற்கிற ஒவ்வொருவனும் வாய் திறப்பான்.

“கரையில சொன்ன பங்கு சொன்னதுதான்,” என்றார் சம்மாட்டி. “வீட்டாள் சரி சொல்லியாச்சு.”

“ஓம், சொல்லியாச்சு,” என்றான் பேதுருப்பிள்ளை. எல்லாரும் ஓம் என்றார்கள். நானும்தான். மாற்றினால் நாங்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்றாகிவிடும். ஒருவனைக் கெடுத்துவிட்டு நாங்கள் புத்திசாலிகளாக இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஞானப்பிரகாசத்துக்கு இன்னும் விளங்கவில்லை. “என்ன பங்கு? எனக்கு என்ன சொன்னனீங்கள்?”

“வெறுங்கை,” என்றான் ஒருவன்.

அவன் சிரித்தான், பகிடி என்று நினைத்து. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். “ஆர் சரி சொன்னது?”

கூட்டம் விலகியது. அற்புதம் உப்புக் கையோடு நின்றாள். அவன் தாயை வெகுநேரம் பார்த்தான். திரும்பி, நேரே இராசாத்திக்கு முன்னால் போய் நின்றான். அன்றைக்குத்தான் முதன்முதல் அவளோடு கதைத்தான்.

“றேடியோவில நீங்கள்தானே கேட்டுச் சொன்னது? நான் நல்லா விளையாடேல்லையோ?”

“நல்லாத்தான் விளையாடினீங்கள்,” என்றாள் இராசாத்தி. குரல் அன்றைக்குப்போலவே ஆட்டமில்லாமல் வந்தது. “ஒண்டும் விடாமல் கேட்டனான். கொஞ்சம் மோசமா விளையாடியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை.”

எல்லாருக்கும் கேட்டது. வலைக்குக் கீழே நின்ற நாய்க்குக்கூடக் கேட்டிருக்கும். சம்மாட்டி, “உள்ள போடி!” என்று உறுமினார். அவள் போனாள், அவசரப்படாமல். கோபம் வந்தது எனக்கு, யாரில் என்று தெரியாமல். அவளில் என்றால், அவளைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்தபோது நாங்கள் எங்கே போனோம்? அவளும் வேறு யாருடைய தலையில் இதைக் கட்டியிருக்க முடியும்? கிடைத்தவன் இவன்தான், பிழையே செய்யாதவன்.

“பிள்ளை பொய் சொன்னதெண்டாலும், பங்கு சொன்னது சம்மாட்டி,” என்றான் பேதுருப்பிள்ளை. அதற்கும் தலையாட்டினோம்.

ஞானப்பிரகாசம் லொறியை நோக்கி நடந்தான். தவராசா, “வீட்டை போய் ஒரு வாய் சாப்பிட்டிட்டு வாவன்ரா, மூட்டை ஏத்த நேரமிருக்கு” என்றான். அவன் நடந்துகொண்டே போனான். அற்புதம் ஓடிவந்து கட்டுப் போட்ட கையைப் பிடித்தாள். நோவு தாங்காமல் அவன் பல்லைக் கடித்தான்.

தவராசா சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள். இராசாத்தி சொன்னதையும் கேட்டிருந்தாள். ஆனாலும் கரையில் சொன்ன பங்கு அது. சரி என்று சொன்ன வாயும் அவளுடையதுதான்.

“பரவாயில்லை ராசா,” என்றாள், அவன் கையைத் தடவிக்கொண்டு. “அடுத்தமுறை கவனமா விளையாடு.”

அவன் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கி, தாயின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.